வெட்டிவிட்ட தீவு

கடற்படைக் கயிற்றுச்சாலை
கோடைக்காற்று மாதம், 11

கப்பல் தலைவர் அவர்களுக்கு,

மூன்று வாடைக்காலங்களுக்கு முன் புயலில் தாங்கள் வடத்தை வெட்டி விட்டுவிட்ட மிதக்கும் தீவு, தெற்கே பாசிக்கடலில் தென்பட்டதாக மீன்பிடிப் படகுக்காரர்கள் தலைமையகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கட்டி இழுத்துவரத் தங்கள் கப்பலுக்கு ஒரு வடம் திரித்துத் தரும்படி எங்களுக்கு உத்தரவு. திரித்தாயிற்று. இன்று காலை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

வடத்தை வெயிலில் காயவிடக் கூடாது. தளத்தின் விளிம்பில் உரசவிடக் கூடாது. தீவின் அடிவேரில் மாட்டும்போது கண்ணியைச் சுற்றிப் பழைய சாக்கு வைத்துக் கட்ட வேண்டும். இழுக்கத் தொடங்கும்போது தொய்வை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். முக்கியமாக, இதன் பக்கத்தில் கோடரி எதையும் வைக்க வேண்டாம்.

இது அறாது. போன வடமும் அறாத வடம்தான் என்பதைத் தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கயிற்றுச்சாலை மேற்பார்வையாளர்

பின்குறிப்பு: வடத்தோடு ஒரு கூண்டில் ஆண் கடற்பறவை ஒன்று இருக்கும். அதன் ஜோடி என் வீட்டுக் கூரையில் கூடு வைத்திருக்கிறது. எத்தனை தூரமானாலும் அவனைத் தேடிப் பறந்து வரும், பிறகு கூட்டுக்குத் திரும்பிவிடும். கடிதத்தை அதன் காலில் கட்டி அனுப்பு. என் மகள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதை மட்டும் எழுது. வேறு கதை எதுவும் எனக்கு வேண்டாம்.


கப்பலிலிருந்து
கோடைக்காற்று மாதம், 20

தங்கச்சிக்கு,

உன் பறவை வந்து சேர்ந்தது. வந்ததும் என் கட்டைவிரலைக் கடித்தது. யார் வளர்த்தது என்று கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. சமையல்காரர் அதற்குச் சண்டைக்காரி என்று பேர் வைத்துவிட்டார். கூண்டில் இருக்கிற அதன் வீட்டுக்காரன் பாவம், அது வந்தால் மூலைக்குப் போய் நின்றுகொள்கிறான்.

"தாங்கள்", "தங்கள்" என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். பின்குறிப்பில்தான் என் தங்கச்சி வந்தாள்.

தீவை இன்னும் காணவில்லை. வேறு கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்த பறவையை வெறுங்காலோடு அனுப்ப மனசில்லாமல் எழுதுகிறேன்.

கப்பல் உனக்குத் தெரிந்த பழைய கப்பல்தான். உடைக்கிற துறையில் கட்டிப்போட்டிருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார்கள். அடிப்பலகையைப் புழு தின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் வேலை தண்ணீர் இறைப்பது, படுக்கப்போகும் முன் கடைசி வேலையும் அதுதான். கூட வந்தவர்கள் எல்லாரும் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். சுக்கான் பிடிப்பவருக்கு ஒரு காது கேட்காது. கேட்கிற காதுப் பக்கம் போய் நின்று சொல்ல வேண்டும், மறந்தால் கப்பல் தன் இஷ்டத்துக்குப் போகும். தலைமையகத்தின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. நல்ல கப்பலையும் நல்ல தலைவனையும் பாசிக்கடலுக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்? நாங்கள் தீவோடு வந்தால் சந்தோஷம். வராவிட்டால் கப்பலை உடைக்கிற வேலை மிச்சம்.

உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தபோது மீன் ஏலக்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். "மறுபடியும் கப்பல் தலைவரா? பார்த்து, அதையும் வெட்டி விட்டுடாதீங்க" என்றார் ஏலக்காரர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பயமும் வரவில்லை, மகிழ்ச்சியும் வரவில்லை. படிக்கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

வடம் ஏற்றுகிற அன்று நானே கயிற்றுச்சாலை வாசல்வரை வந்தேன். நீ அந்த நீண்ட கொட்டகையில் இடுப்பைச் சுற்றி நாரைக் கட்டிக்கொண்டு, நூல் விட்டபடியே பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தாய். முன்பக்கம் பார்த்து நடந்தால் நூல் திரிக்க முடியாது என்று அப்பா சொல்வார். இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் என் மேல் இடித்திருப்பாய். அதற்குள் நான் போய்விட்டேன்.

விசாரணையில் உன்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அந்த வடம் தாங்கியிருக்குமா என்று. தாங்கியிருக்கும் என்றாய். அதோடு என் பதவி போயிற்று. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன், என்னைக் கண்டால் நீ தெருவின் மறுபக்கம் போய்விடுகிறாய்.

அண்ணன்


வீட்டிலிருந்து
தென்றல் மாதம், 3

உனக்கு என்மேல் கோபம் இல்லையா? ரொம்ப நல்லது. கோபப்பட வேண்டியது யார் என்பதிலேயே உனக்குக் குழப்பம் இருக்கிறது.

மிதக்கிற தீவில் பெண்ணைக் கொடுக்காதே, ஆடுகிற தரையில் யாராவது குடித்தனம் செய்வார்களா என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் அண்ணன் கடற்படையில் கப்பல் தலைவன், வாடைக்காற்று தொடங்கினால் தீவுகளைக் கட்டி இழுத்துக் கரையோரம் நிறுத்துவதுதான் அவன் வேலை, எனக்கென்ன பயம் என்றேன். வாய் கிழியப் பேசினேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். என் வாயை நீ மூடிவிட்டாய்.

அதே புயலில் வடக்குத் தீவைக் கட்டியிருந்த தலைவரை நினைத்துப் பார். கடைசிவரை அவர் விடவில்லை. தீவு கிழிந்து பாதிக்கு மேல் மூழ்கிப்போயிற்று, அது புயல் செய்த வேலை. ஆனால் "ஏன் விட்டாய்" என்று அவரை யாரும் கேட்க முடியாது. அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் கட்டியிருந்ததும் என் வடம்தான். ஒரு புரிகூட அறாமல் திரும்பி வந்தது. கிடங்கில் மாட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

என் மகள் வாயாடியின் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். அவள் அப்பா இருந்திருந்தால் யாருக்காவது வாடகைக்கு விடு என்றிருப்பார். நான் வாரம் ஒருமுறை பெருக்கித் துடைத்துக் கதவைச் சாத்துகிறேன். இந்த வீட்டில் பேச்சு சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று உனக்குத் தெரியாது. அவள் பேசினால் நான் "கொஞ்சம் வாயை மூடேன்டி" என்று கத்துவேன், அதெல்லாம் இப்போது நினைவுக்கு வருகிறது.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். தீவோடு வந்தாலும் சரி, தீவு இல்லாமல் வந்தாலும் சரி. அவள் இல்லாமல் வராதே.


கப்பலிலிருந்து
தென்றல் மாதம், 17

தங்கச்சிக்கு,

பாசிக்கடலுக்குள் வந்துவிட்டோம். தண்ணீரே தெரியவில்லை, பச்சைப் பாயை விரித்தது போல் இருக்கிறது. கப்பல் ஒரு பாய்மர நீளம் போவதற்குள் சுக்கானில் பாசி சுற்றிக்கொள்கிறது. இரண்டு பேர் கயிற்றில் இறங்கி அறுத்துவிட்டு ஏறி வருவார்கள், மூச்சு வாங்குவார்கள், மறுபடி இறங்குவார்கள். தச்சர் நேற்று கீழ்த்தட்டில் உட்கார்ந்து, "எல்லாப் பலகையும் போச்சு தலைவரே, இப்ப இந்தப் பாசிதான் கப்பலைத் தாங்கிக்கிட்டிருக்கு" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

வடக்குத் தீவின் தலைவரை நினைத்துப் பார்க்கச் சொன்னாய். நினைக்காத நாளில்லை.

அந்த வடம் தாங்கியிருக்கும். அதை நான் எந்த இடத்திலும் மறுத்ததில்லை. கப்பல்தான் தாங்கியிருக்காது. தீவு எங்களைப் பின்பக்கமாகப் பாறைகளின் மேல் இழுத்துக்கொண்டு போயிற்று. பின்தளம் நீருக்குள் இறங்கிவிட்டது. கப்பலில் இருந்த அறுபது பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் பாதிப் பேர் வாயாடியைவிடச் சின்னவர்கள். அவள் அந்தத் தீவில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நீயாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே வியாதிதான், களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகிறதில்லை. அவளைக் கண்டுபிடித்தால் அவளிடம் என்ன பேசுவது என்று யோசிக்க ஆரம்பிப்பேன், பாதியில் தூங்கிவிடுவேன்.

அண்ணன்


வீட்டிலிருந்து
தென்றல் மாதம், 26

கப்பலில் பழைய கயிற்றுத் துண்டுகள் கிடக்கும். எல்லாவற்றையும் பிரித்து நாராக்கி, உருக்கிய கீலில் தோய்த்துப் பலகை இடுக்கில் உள்ளிருந்து அடி. உளி வைத்து அடிக்க வேண்டும், கையால் திணித்தால் மறுநாளே வெளியே வந்துவிடும். தச்சருக்கு இது தெரியாதா? என்ன தச்சர்?

நான் கொடுத்த வடத்தை மட்டும் தொடாதே.

நீ எழுதியதைப் படித்தேன். திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒன்று மட்டும் சொல். நீ வெட்டியபோது அவர்கள் சத்தம் போட்டார்களா?


தீவிலிருந்து
கொண்டல் மாதம், 5

தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறாள்.

முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். இனி நீ மெதுவாக உட்கார்ந்து படிக்கலாம். மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார். உனக்குப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், நடக்கிறாள், விழுகிறாள், எழுந்து மறுபடி ஓடுகிறாள். வாய் அம்மாவைப் போலவே. என் தாடியைப் பிடித்து இழுத்து, "இது என்ன?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அவளையே கேட்டேன். "கத்தினோம் மாமா. உங்களுக்குக் கேட்டிருக்காது" என்றாள்.

என்னைக் கண்டதும் கல்லெடுத்து அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சுக்கான்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றார், மனுஷனுக்கு ஒரு காதுதான் கேட்காது, மனசு நன்றாகக் கேட்கும். யாரும் அடிக்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தி, "நீங்கதானா வெட்டினது?" என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான், மறுபடி வலையைப் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் புயலில் என்ன நடந்தது என்று வாயாடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வடம் கட்டியிருந்த வரைக்கும் தரை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு மாமா. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு வெடிப்பு. கையை விடலாம், அவ்வளவு அகலம். நீங்க வெட்டினதும் செத்தோம்னுதான் நினைச்சோம். ஆனா நடுக்கம் நின்னுடுச்சு. அப்புறம் தீவு தானா திரும்பிச்சு. ஓரத்தையெல்லாம் மேல மடிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சுச்சு. மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடுமே, அந்த மாதிரி. விடிஞ்சப்போ காத்தே இல்லாத தண்ணியில நிக்குறோம்."

புரிகிறதா? தீவு என்பது கடலில் பாசி மேய்கிற உயிர் என்று நமக்கு எப்போதும் தெரியும். மேய்கிற உயிருக்குப் புயலைக் கண்டால் ஓடத் தெரியாதா என்று நாம் யோசிக்கவே இல்லை. தாத்தா காலத்தில் கடற்படை பாதுகாப்பு என்று கட்ட ஆரம்பித்தது. அதற்கு முன்பு புயல் வந்தால் என்ன செய்தார்கள் என்பது தீவுக்காரர்களுக்கே மறந்துபோயிருக்கிறது. அவர்களும் கட்டு கட்டு என்றுதான் கேட்டார்கள். நாமும் கட்டினோம். எல்லாரும் சேர்ந்தே தப்பு செய்திருக்கிறோம்.

"அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க மாமா. அந்த வடம் தாங்கியிருந்தா நாங்க இல்லைன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க" என்றாள். சொல்லக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். உன்னிடம் மறைத்து இன்னொரு மூன்று வருஷம் ஓட்ட என்னால் முடியாது.

நான் தீவைக் காப்பாற்றினேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நடந்தேன். நல்லவேளை, யாரும் சொல்லவில்லை. நான் தீவுக்காக வெட்டவில்லை.

இனி கஷ்டமான விஷயம். தீவை இழுத்துப் போகச் சம்மதிக்க மாட்டார்கள். வாடை தொடங்கினால் தீவு இன்னும் தெற்கே, கப்பலே போகாத தண்ணீருக்குப் போய்விடும் என்கிறார்கள். வாயாடி தனியாக வருவாளா என்று கேட்டேன். தீவு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதை அவள் தரையில் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுகிறாள். அவள் சொன்னால்தான் எல்லாரும் அடுப்பை அணைத்துப் பாத்திரங்களைக் கட்டிவைக்கிறார்கள். "நான் வந்துட்டா இவங்களுக்கு யாரு மாமா சொல்றது?" என்றாள்.

இன்னும் பேசிப் பார்க்கிறேன்.

அண்ணன்


வீட்டிலிருந்து
கொண்டல் மாதம், 10

அண்ணனுக்கு,

முதல் வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு தெருவில் போய்க்கொண்டிருந்த தபால்காரரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. யாருக்காவது எதையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது.

நடக்கிறாளா? யார் சாயல்? மூக்கு யாருடையது? ஆண்பிள்ளையிடம் செய்தி கேட்டால் தாடியைப் பிடித்தாள் என்று எழுதுவான், மூக்கைப் பற்றி எழுதமாட்டான்.

மற்றதை நான் நம்பவில்லை. தீவுக்குப் புத்தி இருக்கிறதாம், ஓடுமாம். நீ செய்ததற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, விடுவாயா? அவளும் பாவம், அவள் மாமாவுக்குத் தப்பிக்க ஒரு வழி கொடுக்கிறாள். ஒரு தடவை தப்பித்தார்கள் என்றால் எல்லாத் தடவையும் தப்பிப்பார்களா?

உன்னிடம் உத்தரவு இருக்கிறது. என் வடம் இருக்கிறது. அவர்கள் சம்மதத்தை யார் கேட்டார்கள்? இழுத்து வா. கரைக்கு வந்த பிறகு அவள் என்னைத் திட்டட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், நான் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதமாட்டேன். ஆனால் அப்படித்தான் வைத்துக்கொள்.

தங்கச்சி


கப்பலிலிருந்து
கொண்டல் மாதம், 16

தங்கச்சிக்கு,

மூக்கு உன்னுடையது. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி கட்டினேன். தீவுக்காரர்கள் தடுத்தார்கள். வாயாடி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, அதைவிட அடித்திருக்கலாம். ஆனாலும் கட்டினேன். காற்றில்லாத நாளாகப் பார்த்து, அடிவேரில் சாக்கு சுற்றிக் கண்ணியை மாட்டி, தொய்வை மெல்ல எடுத்தோம். ஒருமுறையாவது நீ கேட்டதைச் செய்தோம் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பேத்திதான் முதலில் அழுதாள். வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவள் தரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அழுதாள். பிறகு நாங்களும் உணர்ந்தோம். கப்பல்வரைக்கும் வந்தது அந்த நடுக்கம், வடத்தின் வழியாக. மாட்டின் கழுத்தில் கை வைத்தால் தெரியுமே, அதுபோல. வாயாடியின் வீட்டுக்குப் பின்னால் ஆறிப்போயிருந்த பழைய வெடிப்பு மறுபடி வாய் திறந்தது. அவள் ஓடிவந்து ஓரத்தில் நின்று கத்தினாள்: "விடுங்க மாமா! விட்டுடுங்க!"

இந்தத் தடவை எனக்குக் கேட்டது.

கோடரி வைக்காதே என்றாய், வைக்கவில்லை. கையால்தான் விட்டோம். கிழவர்கள் எல்லாரும் வடத்தைத் தழுவிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கண்ணியைக் கழற்றினோம். சமையல்காரருக்கு உள்ளங்கைத் தோல் முழுதும் போய்விட்டது. இரண்டாவது தடவையும் விட்டுவிட்டேன். வடம் பத்திரமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

அவளுக்கு உன் பறவையையாவது விட்டுவரலாம் என்று கூண்டை எடுத்துப் போனேன். "நாங்க போற இடத்துக்கு இதோட ஜோடி வந்து சேராது மாமா. பாதி வழியில விழுந்துடும். வேண்டாம்" என்றாள். பிறகு பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். அம்மா இன்னும் பின்பக்கமாகவே நடக்கிறார்களா, முட்டி வலிக்கிறதா, யார் தைலம் தேய்த்துவிடுகிறார்கள் என்று. கிளம்பும்போது, "அம்மாவைப் பாத்துக்கோங்க" என்றாள். அதை எப்படிச் செய்யப் போகிறேன் என்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

தலைமையகத்துக்கு அவர்களுடைய பறவையில் எழுதிவிட்டேன்: இழுக்க முடியாது, இழுத்தால் கிழியும், வடக்குத் தீவும் அப்படித்தான் கிழிந்திருக்க வேண்டும் என்று. நம்பமாட்டார்கள். நான் எழுதியது என்பதாலேயே நம்பமாட்டார்கள். வந்து நின்று வாயாலும் சொல்கிறேன். சிறைக்கு அனுப்பினால் அங்கே தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை, அந்தமட்டுக்கும் நிம்மதி.

அவள் இல்லாமல் வராதே என்றாய். அவள் இல்லாமல்தான் வருகிறேன்.

அண்ணன்


கயிற்றுச்சாலையிலிருந்து
கொண்டல் மாதம், 23

அண்ணனுக்கு,

நீ தலைமையகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் என்னிடம்தான் வந்தது. புதிய பெரிய கப்பலை அனுப்புகிறார்கள். பதக்கம் வாங்கியவர்தான் தலைவர். வாடை தொடங்கும் முன்னே பாசிக்கடலுக்குப் போய்த் தீவைக் கட்டிப் பிடித்துவிட வேண்டுமாம், புயலே வந்தாலும் விடக் கூடாதாம். அதற்கு இரண்டு பங்கு பருமனில் ஒரு வடம், உடனே வேண்டும். அதிகாரி நேரிலேயே வந்தார். "இது அறாதுல்லம்மா?" என்று சிரித்தார். "நம்ம சாலை வடம் எப்பங்க அறுந்திருக்கு?" என்றேன்.

அவர் போன பிறகு கிடங்குக்குப் போனேன். வடக்குத் தீவின் வடத்தை இறக்கிக் கண்ணியைப் பார்த்தேன். உள்ளே ஒரு கை நீளத்துக்கு வேர் சிக்கியிருக்கிறது, காய்ந்து கறுத்து. வடம் தாங்கியிருக்கிறது. வேர்தான் தாங்கவில்லை. மூன்று வருஷமாக எத்தனை பேருக்கு இதைக் காட்டியிருப்பேன், எவ்வளவு உறுதி பாருங்கள் என்று! வேர் அங்கேதான் இருந்தது. என் கண்ணில் படவே இல்லை. நீ வெட்டாமல் இருந்திருந்தால் வாயாடி வீட்டு வேரும் இதன் பக்கத்தில் தொங்கியிருக்கும். அதையும் காட்டிப் பெருமை பேசியிருப்பேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வேலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் அங்கே இருப்பது தெரிந்தே வெட்டினாய். அது அப்படியே இருக்கட்டும். நமக்கு வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டுதான் சாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

வடத்தை அன்றிரவே ஆரம்பித்தேன். வெளிப்புரிகள் முதல்தர நார். நடுப்புரியில், குப்பைக்குப் போக வேண்டிய குட்டை நாரை வைத்துத் திரிக்கிறேன், முறுக்கும் குறைத்து. கொட்டகையில் காய்ந்த வடத்தைத்தான் இழுத்துச் சோதிப்பார்கள், அப்போது எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. கடலில் ஊறிய பிறகு தீவு இழுத்தால் தாங்காது. படீரென்றும் அறாது. படீரென்று அறுகிற வடம் தளத்தில் நிற்பவர்களின் காலைச் சீவிவிடும், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். இது நீண்டுகொண்டே போய், புரி புரியாகப் பிரிந்து, விட்டுவிடும். அதற்குப் பிறகு இன்னொரு வடம் திரித்து இன்னொரு கப்பல் போவதற்குள் தீவு எட்டாத தூரம் போயிருக்கும்.

என் ஆயுசில் இப்படி ஒரு வடம் நான் திரித்ததில்லை. கை ஒப்ப மாட்டேன் என்கிறது. நான் கவனிக்காத நேரம் பார்த்து அதுவாகவே முறுக்கை இறுக்குகிறது. நின்று, பிரித்து, மறுபடி தளர்த்துகிறேன். நல்ல வடம் திரிப்பதைவிட இதற்கு இரண்டு மடங்கு நேரமாகிறது.

அறுந்ததும் விசாரணை வரும். வடம் ஏன் தாங்கவில்லை என்று கேட்பார்கள். போன தடவை உண்மையைத்தான் சொன்னேன். இந்தத் தடவையும் உண்மையைத்தான் சொல்வேன், நான்தான் அப்படித் திரித்தேன் என்று. பிறகு எனக்கும் மீன் ஏலக்கடையில் வேலை இருக்கிறதா என்று கேட்டுவை.

நீ துறையில் இறங்கியதும் காவலர்கள் வந்து கூட்டிப்போவார்கள். எதிர்த்துப் பேசாதே. சாப்பாடு நான் கொண்டுவருகிறேன். தச்சரிடம் சொல்லி, கரை தெரிகிறவரைக்கும் நார் அடைத்துக்கொண்டே வா. இதைப் படித்ததும் கடலில் போட்டுவிடு.

என் பேத்தியை நான் பார்க்கப்போவதில்லை. மூக்கு என்னுடையது என்று எழுதினாயே, அது போதும் என்று சொல்லிப் பார்க்கிறேன், போதவில்லை. அவளையும் அவள் அம்மாவையும் என்னிடம் கொண்டுவரக்கூடிய கடைசி வடம் இது. பாதி ஆகிவிட்டது. மீதிப் பாதியும் அறுந்துபோகிற மாதிரியே வர வேண்டும் என்று, ஒவ்வொரு அடியாகப் பின்பக்கம் வைத்துத் திரித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி